கடலோர நகரத்தில் ஹாஸ்டல்: அலைக்கு எதிரேயா, ஊருக்குள்ளா, நிலையத்துப் பக்கமா?

கடலோர நகரம் ஒன்றில் நான்கு இரவு தங்க வேண்டும், செலவும் கைக்குள் நிற்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், கண்ணில் படுகிறவை பெரும்பாலும் மூன்று வகை. அலைக்கு எதிரே இருக்கும் ஹாஸ்டல், பழைய ஊருக்குள் ஏதோ ஒரு சந்தில் இருக்கும் ஹாஸ்டல், ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ பக்கத்தில் இருக்கும் ஹாஸ்டல். பொதுவாக முதலாவதில் வாடகை கூடுதல், கடைசியில் குறைவு. படங்களைப் பார்த்தால் மனசு அலைப் பக்கமே போகும். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். இப்போது என் முதல் தேர்வு பழைய ஊர். கடற்கரையில் பகல் முழுக்க யார் வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்கு வாடகை கிடையாது. ஹாஸ்டலுக்குக் கொடுக்கும் பணம் இரவுக்கானது. அந்த இரவு எங்கே நன்றாகக் கழியும் என்று பார்க்கத் தொடங்கியதும் வரிசை மாறிவிட்டது.

ஹாஸ்டல் என்றதும் பலருக்குக் கல்லூரி விடுதி நினைவுக்கு வரலாம். இங்கே சொல்வது பயணிகளுக்கானது. ஓர் அறையில் நான்கு, ஆறு, பத்து என்று அடுக்குக் கட்டில்கள் இருக்கும். வாடகை அறைக்கு இல்லை, படுக்கைக்கு. குளியலறை, சமையலறை, உட்காரும் கூடம் எல்லாம் பொது. இதன் தொடக்கமே ஒரு மழை இரவுதான். 1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் இளைஞர்களைத் தங்க வைக்கலாமே என்று அப்போது அவருக்குத் தோன்றியது. 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறந்தது. நனையாமல் தூங்க ஓர் இடம், அவ்வளவுதான் அன்றைய தேவை. கடலோர ஊர்களில் இன்றும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஈரம் மழையில்லாத நாளிலும் அறைக்குள் வந்துவிடும்.

இரவில் காற்று எந்தப் பக்கம்?

கடலைப் பார்த்த அறை எடுத்தால் இரவெல்லாம் காற்று வரும் என்ற நம்பிக்கையில்தான் நிறையப் பேர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பகலில் அது உண்மை. நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், அதன் மேலுள்ள காற்று மேலெழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். முற்பகலில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது தளர்ந்துவிடும். இரவில் நிலம்தான் சீக்கிரம் குளிர்கிறது. அதனால் காற்று திரும்பிக்கொண்டு, நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். அதுவும் பகல் காற்றைவிட மெலிந்தது. ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்கும் இடைவெளியில் இலைகூட அசையாது. பருவக்காற்றோ புயலோ வலுவாக வீசும் நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது, மற்ற நாட்களில் பெரும்பாலும் இப்படித்தான்.

அப்படியானால் கடலை மட்டும் பார்த்து ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை, நீங்கள் அறையில் இல்லாத பகல் நேரத்தில் காற்றோட்டமாக இருக்கும், நீங்கள் தூங்கும் நேரத்தில் புழுங்கும். படங்களைப் பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு சுவர்களில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் வரும் காற்று மறுபக்கம் வெளியேற வழி இருந்தால், நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அறைகூட இரவில் தாங்கும்.

ஒருமுறை அலைக்கு எதிரே ஒரு ஹாஸ்டலில், எட்டுப் படுக்கை அறையில் இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் கடலில் குளித்துவிட்டு வந்து துண்டைக் கட்டில் கம்பியில் விரித்துப் போட்டேன். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் போட்டபடியே ஈரம். மூன்றாம் நாள் அதில் புளித்த வாடை. சுற்றிப் பார்த்தால் எட்டுக் கட்டில் கம்பியிலும் எட்டு ஈரத் துண்டு, நனைந்த நீச்சல் உடைகள். இருந்த ஒரே ஜன்னலைக் கொசுவுக்குப் பயந்து சாத்தியிருந்தார்கள். தலையணை உறையைக் கையால் தடவினால் பிசுபிசுவென்று இருந்தது. அந்த அறையின் பால்கனியிலிருந்து பார்த்த கடல் அழகானதுதான். ஆனால் நான் மூன்று இரவும் சரியாகத் தூங்கவில்லை, கிளம்பும்போது பையில் இருந்த சட்டைகளிலும் அந்த வாடை ஏறியிருந்தது.

அது ஏன் காயவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு துணியிலேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோர இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழியாத துணி மாலையில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் விடியற்காலையில் மறுபடி நமத்துப் போகும்.

இதனால்தான் எந்த ஹாஸ்டலுக்கும் நான் அனுப்பும் முதல் கேள்வி: மொட்டைமாடியிலோ முற்றத்திலோ துணி காயப்போடக் கொடி இருக்கிறதா, வெயில் படுமா? அலைக்கு எதிரே இருக்கும் கட்டடங்கள் சிலவற்றில் மொட்டைமாடியை உணவகமாக்கியிருப்பார்கள், கொடிக்கு இடம் இருக்காது. பழைய ஊர்க் கட்டடங்களில் அந்த மாடி பல சமயம் துணிக்கும் தங்குகிறவர்களுக்கும் பொதுவாகக் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வாடகையில் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

சந்துகளுக்கும் குறை இல்லாமல் இல்லை. கனமான சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடும், அதனால் முன்னிரவு வெக்கையாக இருக்கும். தரைத்தள அறைகளில் சுவரோரம் ஈரம் ஏறிப் பூஞ்சை வாடை வரும். வண்டி வாசல்வரை வராது, படி குறுகலாக இருக்கும், பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் திண்டாடுவார்கள். இரவில் பேசிக்கொண்டு போகிறவர்களின் குரல் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி நேராக ஜன்னலுக்கு வரும். முதல் மாடியோ அதற்கு மேலோ, உள்முற்றத்தைப் பார்த்த அறை கேட்டு வாங்கினால் இவற்றில் பாதி தீரும்.

தூரம் என்று எழுதியிருப்பது

"கடற்கரையிலிருந்து 500 மீட்டர்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். வரைபடத்தில் நேர்கோடு போட்டு எடுத்த அளவாக அது இருக்கலாம். நடுவே தண்டவாளமோ, ஆற்று முகத்துவாரமோ, துறைமுகச் சுவரோ இருந்தால் நடக்கும் தூரம் மூன்று மடங்காகிவிடும். நடைவழியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்கு 80 மீட்டர் போகலாம், எனவே 800 மீட்டர் என்றால் பத்து நிமிடம். பதினைந்து நிமிட நடைக்குள் கடல் இருந்தால் நான் அதைக் கடலுக்குப் பக்கம் என்றே எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, எந்தக் கடல்? துறைமுக நகரங்களில் கப்பல் நிற்கும் இடமும் ஆள் குளிக்கும் இடமும் வேறு வேறு. கடல் தெரியும் ஜன்னல் என்று எடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் சரக்குத் தூக்கும் கிரேன்களும் டீசல் வாடையும் எதிரே நிற்கலாம். படத்தில் அகலமாகத் தெரியும் மணற்பரப்பு, தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் எடுத்ததாக இருக்கலாம். பெரும்பாலான கரைகளில் கடல்மட்டத்தின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ள கடலோரங்களில் காலை நடைக்கு மணலே இல்லாத நாட்களும் உண்டு. போகும் தேதிக்கு கடலின் ஏற்ற இறக்க நேர அட்டவணையைப் பார்த்துவிட்டால், அலைக்கு எதிரே கொடுக்கும் கூடுதல் பணம் எத்தனை காலைக்குப் பயன்படும் என்பது தெரிந்துவிடும்.

நிலையத்துப் பக்கத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு பதினொன்றுக்கு வந்து இறங்கி மறுநாள் அதிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஓர் இரவுக்கு அதை எடுங்கள். நான்கு இரவுக்கு எடுத்தால், தினமும் ஊருக்கும் கடலுக்கும் போய்வரும் அலைச்சல் மூன்றாம் நாளே உடம்பில் தெரியும். நள்ளிரவுக்கு மேல் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்குமா என்பதை, முக்கியமாகத் தனியாகப் போகும் பெண்கள், சமீபத்தில் தங்கியவர்களின் குறிப்புகளில் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

படுக்கை வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

பணக் கணக்கை எந்த நாட்டுக் காசிலும் போடலாம், அதனால் வெறும் எண்ணாக எடுத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு அலைக்கு எதிரே 11, பழைய ஊரில் 9, நிலையத்தருகே 7. பேருந்தில் ஒருமுறை போக 1. நான்கு இரவுக்கு வாடகை மட்டும் 44, 36, 28. இப்போது போக்குவரத்தைச் சேருங்கள். நிலையத்தருகே இருப்பவர் தினமும் கடலுக்குப் போய்வர 2, சாயங்காலம் ஊருக்குள் போய்வர இன்னொரு 2 என்றால் நான்கு நாளில் 16, ஆக மொத்தம் 44. அலைக்கு எதிரே இருப்பவர் தினமும் ஊருக்குள் போய்வர 8 சேரும், மொத்தம் 52. பழைய ஊரில் இருப்பவருக்கு இரண்டும் நடை தூரம் என்றால் 36 அப்படியே நிற்கும். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் உங்கள் ஊரின் எண்களைப் போட்டு இதே கூட்டலைச் செய்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். மலிவு என்று தோன்றியது கடைசியில் மலிவாக இருக்காது என்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வாடகையில் சேராமல் பின்னால் வருபவையும் உண்டு: துண்டு, படுக்கை விரிப்பு, லாக்கர், செக்-அவுட் முடிந்த பின் பையை வைத்துவிட்டுப் போக ஒரு கட்டணம், சில நகரங்களில் தலைக்கு இத்தனை என்று இரவுக்கு இரவு வாங்கும் சுற்றுலா வரி. செக்-அவுட் பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்கு. உங்கள் வண்டி ராத்திரி என்றால், அந்தப் பகலில் பையை வைக்கவும் கடலில் குளித்துவிட்டு வந்து நல்ல தண்ணீரில் ஒரு குளியல் போடவும் விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு காய்ந்த உடம்போடு ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வருவது கொடுமை.

இரண்டு பேராகப் போனால் இன்னொரு கணக்கு. இரண்டு படுக்கைகளின் வாடகையைக் கூட்டினால் அதே ஹாஸ்டலின் தனி அறை வாடகையில் ஐந்தில் நான்கு பங்கைத் தொடுகிறதா? தொட்டால் தனி அறையை எடுத்துவிடுங்கள். மூன்று பேர் என்றால் பெரும்பாலும் யோசிக்கவே வேண்டியதில்லை. தனியாகப் போகிறவருக்குப் பொது அறைதான், அதில் நான் எடுப்பது நான்கு அல்லது ஆறு படுக்கை. பத்து, பன்னிரண்டு என்று போகும்போது படுக்கைக்கு மிச்சமாகும் தொகை சின்னது. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வருவார்கள், ஒவ்வொரு நேரத்தில் கிளம்புவார்கள். காலை நாலரைக்கு ஒருவர் இருட்டில் பிளாஸ்டிக் பையைக் கட்டும் சத்தம் பன்னிரண்டு பேரையும் எழுப்பும். படுக்கை எண்ணிக்கையோடு குளியலறை எண்ணிக்கையையும் பாருங்கள். எல்லோரும் கடலிலிருந்து ஒரே நேரத்தில், மணலோடு திரும்பும் ஊர் இது. பன்னிரண்டு பேருக்கு ஒரு குளியலறை என்றால் மாலை ஆறு மணிக்கு வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஏசியா மின்விசிறியா என்பதில் வார்த்தையைக் கவனியுங்கள். "ஏசி அறை" என்று போட்டுவிட்டு ராத்திரி மட்டும் ஓடவிடும் இடங்கள் உண்டு. எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். மின்விசிறி அறை என்றால் உத்தரத்தில் ஒன்று சுற்றுவது போதாது, அடுக்குக் கட்டிலின் கீழ்ப் படுக்கைக்கு அந்தக் காற்று இறங்காது. கட்டிலுக்குக் கட்டில் சின்ன விசிறி வைத்த இடம் கிடைத்தால் அது ஏசியைவிடவே எனக்குப் பிடிக்கும். கொசு பறப்பதில் வலுவில்லாதது, விசிறிக் காற்றை எதிர்த்து வந்து உட்கார அதற்குச் சிரமம். மேல் படுக்கையில் வெக்கை கூடுதல், கீழ்ப் படுக்கையில் காற்று குறைவு. நான் கீழேதான் கேட்பேன், விசிறி தனியாக இருந்தால்.

எப்போது, எப்படி முன்பதிவு?

சீசன் இல்லாத நாட்களில் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். பிடித்தால் அங்கேயே நீட்டிக்கலாம், பிடிக்காவிட்டால் இடம் மாறலாம். சீசனில் இது நடக்காது. நடுவில் படுக்கை போய்விடும், பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைய வேண்டியிருக்கும். அப்போது எல்லா இரவையும் சேர்த்து, ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் வகையில் பதிவு செய்வதே நல்லது. பணம் திரும்பாத கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி ஆசை காட்டும். புயல் காலத்தில் அந்தக் கட்டணத்தின் பக்கமே போக வேண்டாம். வட அட்லாண்டிக் கரைகளுக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, வங்காள விரிகுடாவுக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை என்று ஒவ்வொரு கடலுக்கும் ஒரு காலம் உண்டு. படகும் ரயிலும் நின்றுபோன நாளில், திரும்பாத பணத்தைப் பற்றி யாரிடமும் பேசிப் பயனில்லை.

ரிவ்யூக்களில் மொத்த மதிப்பெண்ணை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. நான் போகும் அதே மாதத்தில் போன வருடம் தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படிப்பேன். குளிர்காலத்தில் தங்கியவரின் பாராட்டு கோடையில் போகிறவருக்கு உதவாது. "ராத்திரி முழுக்க ஒரே கொண்டாட்டம்" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தால், தூங்க நினைப்பவருக்கு அது எச்சரிக்கை. பாட்டின் தடதட ஒலியைப் பஞ்சு இயர் பிளக் முழுக்கத் தடுக்காது, பேச்சுச் சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். ஈரம், வாடை, பூச்சி என்ற மூன்று சொற்களை வேறு வேறு ஆட்கள் எழுதியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

அலைக்கு எதிரே இருப்பதையே எடுக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. விடிவதற்கு முன் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைச்சறுக்குக்கு இறங்குகிறவர்கள், காலை முதல் படகில் முக்குளிக்கப் போகிறவர்கள், சின்னக் குழந்தையோடு வந்து நாளுக்கு நாலு தடவை அறைக்கும் மணலுக்கும் நடப்பவர்கள். இவர்களுக்குக் கூடுதல் வாடகை தகும். ஊரைப் பார்க்கும் எண்ணமே இல்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வந்தவருக்கும் அப்படித்தான். அப்போதும் இரண்டு பக்க ஜன்னல், கொடி, கீழே பாட்டு போடும் கடை இல்லாமை, இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

பூட்டு ஒன்று கொண்டு போங்கள், சாவிப் பூட்டு வேண்டாம். கடலில் இறங்கும்போது சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வி தினமும் வரும். எண் பூட்டு, அதிலும் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் உள்ளது. சாதாரண இரும்பு வளையம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து இறுகும்.

போய்ச் சேர்ந்ததும் பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். கதவோரம் தரையில் வைத்துவிட்டு, விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை தெறித்தாற்போல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், ஆப்பிள் விதை அளவு, கண்ணுக்கே தெரியும். கட்டில் சட்டம் சேரும் மூலைகளையும், தலைமாட்டுப் பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். இருந்தால் அதே அறையில் வேறு கட்டிலுக்கு மாறிப் பயனில்லை, வேறு அறை கேளுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே கடி வாங்கிவிட்டீர்கள் என்றால், துணி எல்லாவற்றையும் 60 டிகிரி சூட்டில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகே அடுத்த ஊருக்குப் பையைத் தூக்குங்கள்.